ஒரு கட்டளை முடியும் முன்னே

பிராசசர் வடிவமைப்பு என்பது செய்து முடித்த பிறகும் கையில் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லாத தொழில். கொத்தனார் சுவரைக் காட்டலாம். நாங்கள் எதைக் காட்டுவது? "அப்படி என்னதான் வேலை?" என்று வீட்டில் கேட்டு நீங்களும் முழித்திருந்தால், வாருங்கள், உட்காருங்கள்.

பெங்களூரில் ஓய்வு பெற்றுத் திருமயத்தில் சும்மா இருந்தேன். வளர்மதி விடவில்லை. பெங்களூரில் என்னோடு வேலை பார்த்தவள். பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில் சின்னதாக ஆபீஸ் போட்டிருந்தாள். தண்ணீர் மோட்டாரைக் கண்காணிக்கும் பெட்டிக்கு ஒரு பிராசசர் செய்வது திட்டம். வாங்க இருந்தவர் ஒரே ஒருவர். அவர் வேண்டாமென்றால் ஆபீஸுக்குப் பூட்டு. வளர்மதி மறுபடி பெங்களூரு. விடக்கூடாது என்று நானும் போய் உட்கார்ந்தேன்.

மூன்று பேர் வேடிக்கை

அந்த ஒருவர், கோயம்புத்தூர் கந்தசாமி. கிணறு வற்றினால் மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் கருகும். அதற்கு மோட்டார் இழுக்கும் கரண்டை விடாமல் அளந்து கணக்குப் போட வேண்டும். எங்கள் பிராசசர் ஓர் அளவுக்குக் கணக்கை முடிப்பதற்குள் அடுத்த அளவு வந்து போய்விடும்.

வளர்மதி பலகையில் படம் போட்டாள். கட்டளையை எடுத்துவர ஒரு பகுதி, அதைப் பிரித்துப் புரிந்துகொள்ள ஒன்று, கணக்கிட ஒன்று, விடையை வைக்க ஒன்று. ஒரு கட்டளை நாலையும் தாண்டிய பிறகுதான் அடுத்தது உள்ளே வரும். தப்பே வராது என்றாள், பெருமையாக. பார்க்க வந்திருந்த கந்தசாமி படத்துக்குப் பக்கத்தில் போனார்.

"ஏனுங்க, ஒருத்தன் வேலை செய்ய மூணு பேரு பார்த்துட்டு நிக்கறாங்க. இதென்ன ரோடு போடற வேலைங்களா?"

ஆச்சி கடையில் தண்ணீர்

அவர் கேட்டது சரி. ஒரு கட்டளை கணக்கில் இருக்கும்போதே அடுத்ததைப் புரிந்துகொள், அதற்கடுத்ததை எடுத்து வா. எங்கள் தொழிலில் பைப்லைன் என்பது அவ்வளவுதான். சிப் செய்வதற்கு முன் ஒத்திகை பார்க்க ஒரு போர்டு உண்டு. வடிவமைப்பை அதில் ஏற்றி, மொட்டை மாடியில் தொட்டி, மோட்டார் எல்லாம் வைத்து ஓட விட்டோம். வேகம் பிய்த்துக்கொண்டு போனது.

தொட்டி நிறைந்தாலும் மோட்டாரை நிறுத்துவது பெட்டியின் வேலை. தொட்டி நிறைந்தது. மோட்டார் நிற்கவில்லை. முதல் கட்டளை நீர்மட்டத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இரண்டாவது அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இரண்டாவது முந்திக்கொண்டது. அதே இடத்தில் கிடந்த பழைய கணக்கின் மிச்சத்தை நீர்மட்டம் என்று நம்பிவிட்டது. தண்ணீர் படி வழியாக இறங்கிக் கீழே பாத்திரக்கடைக்குள் போயிற்று. கடைக்கார ஆச்சி துடைப்பத்தோடு மேலே வந்தார். விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"மெதுவா செஞ்சப்ப சரியா செஞ்சுச்சு. தப்பை வேகமாச் செய்யுறதுக்கா இத்தனை பேரு மேல ஒக்காந்திருக்கீங்க?"

கட்டுமாவடிக் கணக்கு

ஸ்டெல்லா எங்கள் இன்னொரு இன்ஜினியர், கட்டுமாவடிப் பெண். கைக்குழந்தை உள்ளவள், ஆபீஸ் மூடினால் பெங்களூரு போக வழியில்லை. தப்பை நிறுத்தினாள். எப்படி? எல்லாக் கட்டளைக்கும் முன்னால் ஒரு காத்திருப்பைச் செருகி. விடை சரி, வேகம் பழையபடி தரையில். "காத்திருக்கத்தான் நம்மைக் கூப்பிட்டார்களா?" என்று கத்தினேன். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. "தப்பா ஓடுறதுக்கு நின்னு ஓடட்டும் சார்" என்றாள்.

விடையைக் கொண்டுபோய் வைத்து, அடுத்தவன் அதைத் திரும்ப எடுக்கும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? கணக்கு முடிந்த வாசலிலேயே அடுத்த கட்டளையின் கையில் கொடுத்துவிடலாம். நீர்மட்டம் மாதிரி வெளியிலிருந்து வருகிற அளவுகளுக்காக மட்டும் கொஞ்சம் நின்றால் போதும். படத்தில் கம்பி போட்டுக் காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பில்லை.

"எங்கூர்ல மீனு ஏலத்துக்கே போவாது சார், படகை விட்டு எறங்கையிலயே ஐஸ் பொட்டிக்குள்ள ஏறிரும். இதைச் சொல்லவா இத்தனை நாளா கத்துனீங்க?"

முந்திரிக்கொட்டைகள்

வேகம் வந்தது, விடையும் சரி. அப்புறம் மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலே சுவிட்ச் கடகடவென்று அடித்துக்கொண்டது. மோட்டார் நின்றது, ஓடியது, நின்றது. 'நிறுத்து' என்ற பக்கம் போகலாம் என்று முடிவாவதற்குள், 'ஓடட்டும்' என்ற பக்கத்துக் கட்டளைகள் பாதி தூரம் உள்ளே வந்துவிட்டிருந்தன. முடிவு மாறியதும் அவற்றைத் தள்ளிவிட நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை.

ரிலே அடித்தால் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகுவதைவிடச் சீக்கிரம் கருகும். கந்தசாமி வருகிற நாளைத் தள்ளிப்போடலாமா என்று வளர்மதி கேட்டாள். கூடாது என்றேன். முடிவு மாறினால் உள்ளே வந்ததை அப்படியே குப்பையில் போடு, வருத்தப்படாதே. அதைச் செய்தோம். சத்தம் நின்றது. வளர்மதி நாற்காலியில் சாய்ந்தாள்.

"எங்க சித்தப்பா வகையறாவும் இப்படித்தான் சார், பொண்ணு வீட்டுல சரின்னு சொல்றதுக்குள்ள மண்டபம் பேசிருவாங்க."

கந்தசாமியின் கை

வந்தார். எங்கள் படத்தைப் பார்க்கவில்லை. எண்களைச் சொன்னேன், கேட்கவில்லை. நேரே மாடிக்குப் போனார். மோட்டார் ஓடும்போதே உறிஞ்சுகுழாயைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்தார். மோட்டார் நின்றது. மறுபடி போட்டு ஓட விட்டார், மறுபடி இழுத்தார். நின்றது. மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், சூடு இல்லை. ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"செரிங்க, இதையே போட்டுக்கலாம். அடுத்து பவானிப் பக்கம் மூணு மோட்டாருக்கு ஒரே பெட்டி கேக்கறாங்க, இது முடியறதுக்குள்ள அதை ஆரம்பிச்சர்றீங்களா?"

முந்தையது முடியும்வரை சும்மா இருக்காதே என்று ஒரு சிப்புக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், ஓய்வூதியம் வாங்குகிறவன் இப்போது தினமும் ஒன்பது மணி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன்.