நெல்லள்ளப் போன ஊர்வலம்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடம் விவசாய ஊர்வலப் போட்டியில் சேர்ந்தது. மாவட்டத்தில் விளைவதையெல்லாம் பிள்ளைகளுக்கு வேடமாகப் போட்டு, என் மாமாவின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். நெல், சோளம், கச்சான் கடலை, கஜு, வத்தகப்பழம், வாவி இறால். நான் எருமைத் தயிர். தலையில் சட்டியோடு நடுவில் நின்றேன். முதற்பரிசு எங்களுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

படுவான்கரையில், வாவிப் பாலத்தில் ஏறுமுன் வானம் கறுத்தது. தெருவின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் தனியாக அதைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். மாமா வண்டியை நிறுத்தினார்.

“எல்லாரும் இறங்குங்க. கெதியா நெல்ல அள்ளுவம்.”

டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தார்.

இறால் தன் மீசையைக் கழற்றிவிட்டுச் சாக்குப் பிடித்தது. நான் தயிர்ச்சட்டியால் அள்ளி அள்ளிப் போட்டேன். அந்த வழியால் வந்த மீன் வியாபாரி சைக்கிளைச் சாத்திவிட்டு ஓடிவந்தார். பிறகு ஒரு ஆட்டோக்காரர், அரிசி மில் பெடியன்கள் இருவர். காத்தான்குடி முஸ்லிம் புடவை வியாபாரி ஒருவர் தன் வான் வண்டியிலிருந்த படங்கை இழுத்துவந்து, பெட்டியில் ஏறிய மூடைகளின் மேல் விரித்தார்.

“இது நனைஞ்சா சித்திரை வருசத்துக்கு ஆர் என்னட்டப் புடவ எடுப்பாங்க? அந்தப் பக்கத்தப் பிடிங்க தங்கச்சி!”

கடைசி மூடையும் ஏறியபின்தான் மழை கொட்டியது. அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

மூடைகளை அவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போட்டி மைதானத்துக்குப் போனபோது பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். நான் வீடுவரை அழுதேன். அழுகை ஓய்ந்தபின் மாமாவிடம் கேட்டேன்.

“அவ்வளவு பேரும் அவவுக்கு என்ன முறை, மாமா?”

“எல்லாரும் சொந்தந்தான் புள்ள.”

நான் அப்படியே நம்பினேன். மீன்காரர் அண்ணன், ஆட்டோக்காரர் மச்சான், மில் பெடியன்கள் மருமக்கள் என்று முறை வைத்துப் பார்த்தேன். புடவை வியாபாரியில் மட்டும் கொஞ்சம் இடித்தது. அவர் தாய்வழிச் சொந்தமாக இருக்கும் என்று முடிவுகட்டினேன்.