இடப்பக்கம் பார்த்து வந்த அக்கா

நான் நீட்டிய டீ கிளாஸை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல், பக்கத்திலிருந்த கணவரிடம் கொடுத்தார். அந்த அக்காவை நினைத்தால் முதலில் இதுதான் கண்முன் வரும். கிட்னி போனவர், தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். கணவர் பக்கத்தில் கூரம் கிராமத்தில் நெசவாளி. வாரம் இரண்டு நாள் தறியை நிறுத்திவிட்டு, தன் பழைய மோட்டார் சைக்கிளில் அவரை டயாலிசிஸுக்குக் காஞ்சிபுரம் அழைத்து வருவார். சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினில் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். அந்த வண்டிதான் வழியில் நின்று நின்று போனது. பத்து உதை உதைத்தால் கிளம்பும். ஒரு நாள் கிளம்பவே இல்லை. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் முறை தவறிவிட்டது. அன்று ராத்திரி முழுக்க அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாராம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் தேரடிப் பக்கம் வந்து விசாரித்துப் பாருங்கள், வண்டி ஒயரிங் என்றால் என் கடையைத்தான் காட்டுவார்கள். இன்ஜினியர்கள் கைவிட்ட வண்டிகளை ஓட விட்டிருக்கிறேன், சும்மா சொல்லவில்லை. அப்படிப்பட்ட நான் இந்த வண்டிக்கு பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன், பேட்டரியும் மாற்றினேன். வேலை முடிந்ததும் மாட வீதியில் கோயிலை ஒரு சுற்று வலம் வருவது எங்கள் வழக்கம். வண்டியைச் சோதித்த மாதிரியும் ஆச்சு, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு. நாலு வீதியிலும் பிசிறில்லாமல் ஓடும். அவர்கள் எடுத்துக்கொண்டு போனால் நின்றுவிடும்.

மூன்றாம் தடவை வந்தபோது, "எப்பண்ணே நிக்குது?" என்று கேட்டேன்.

"அதுக்கு எப்பத் தோணுதோ அப்பதான்பா" என்றார் அவர்.

நான் மறுபடி காயிலைக் கழற்ற ஆரம்பித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா வாயைத் திறந்தார்.

"பெரிய மெக்கானிக்கே, நான் ஒண்ணு சொல்லட்டுமா? மாவு மிஷின் சந்துல நின்னுச்சு. பள்ளிக்கூடத்து முனையில நின்னுச்சு. ஆஸ்பத்திரி கேட்டுல நின்னுச்சு. மூணும் பீச்சாங்கைப் பக்கம் திரும்பற எடம்பா."

"ஓட்டறவருக்கே தெரியல, உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"அவரு நேரா பாத்துக்கினு ஓட்டறாரு. நான் ஒருக்களிச்சு ஒக்காந்துக்கினு அந்தப் பக்கத்தைத்தானே பாத்துக்கினு வர்றேன்!"

என் கை அப்படியே நின்றது. கோயிலை வலம் வந்தால் நாலு முனையிலும் வலப்பக்கம்தானே திரும்புவோம்? இத்தனை வருஷத்தில் எந்த வண்டியையும் நான் இடப்பக்கம் திருப்பிச் சோதித்ததே இல்லை. எதிர்ச்சுற்று போகவும் மனசு ஒப்பவில்லை.

"கோயிலை இடமா சுத்தக் கூடாதேக்கா."

"சாமிக்கு ஒயரிங்கு தெரியும்பா, கோச்சுக்காது. சீக்கிரம் போயிட்டு வா. எனக்கு நேரமாவுது."

போனேன். முதல் முனையில் இடப்பக்கம் ஒடித்ததுமே இன்ஜின் அணைந்துவிட்டது. எதிரே வந்த பூக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். தள்ளிக்கொண்டு வந்து ஹெட்லைட்டைக் கழற்றினேன். அங்கிருந்து டேங்குக்கு அடியில் போகிற ஒரு ஒயர், வெளியே கீறல்கூட இல்லை. மடித்துப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் துவண்டது. உள்ளே செம்பு அறுந்து, மேல்தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் தோல் இழுபட்டு முனைகள் விலகியிருக்கின்றன. புது ஒயர் போட்டு, கொஞ்சம் தளர்வு விட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இன்னொரு எதிர்ச்சுற்று. எங்கேயும் நிற்கவில்லை. அன்றைக்கு அக்காவின் முறை தவறவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த வண்டியில்தான் வந்து போனார். ஒயரிங்கால் ஒரு நாள்கூட அவர் வழியில் நின்றதில்லை. இதை நான் எந்தச் சபையிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். போன வருஷம் அக்கா காலமாகிவிட்டார்.

போன மாதம் அண்ணன் தனியாக வண்டியோடு வந்தார். மறுபடியும் எங்கேயோ நிற்கிறதாம்.

"எந்தெந்த எடத்துலண்ணே நிக்குது?"

பழக்கத்தில் பின் சீட்டுப் பக்கம் திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார். "அதெல்லாம் அவதான்பா சொல்லுவா."

நான் கையைத் துடைத்துக்கொண்டு, வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, இந்த வயதில் அந்தப் பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

"ஓட்டுண்ணே. நான் பாத்துக்கினு வர்றேன்."