கரண்டுக்கு அடித்த ஆணி

இத்தனை காலம் கழித்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மின்சாரம் இழுக்க வந்தவர், பல்பைத் தொங்கவிட இடம் தேடி உத்திரத்தைச் சுத்தியலால் தட்டினார். அதே சத்தம். அப்பா அந்த மரத்தில் ஆணி அடித்தபோது எனக்கு எட்டு வயது.

அப்போதுதான் அரசாங்கத்தின் மின்கம்பிகள் எங்கள் தேயிலை மலையைத் தாண்டி ஹட்டன் பக்கம் போயின. கோபுரங்களுக்குக் குழி வெட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். மழை நாட்களில் கம்பிகள் எங்கள் தகரக் கூரைக்கு மேலே ரீங்காரமிடும். கீழே மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கின் புகையில் நாங்கள் இருமிக்கொண்டிருப்போம்.

ஒரு காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில், அம்மா லயத்துக்கு வெளிச்சம் கேட்டாள். பெயர் பதியும் கணக்கப்பிள்ளை சிரித்தார்.

"அது அரசாங்கத்துக் கரண்டு. ஒங்களுக்குத்தான் ஓட்டே இல்லியே!"

தோட்டத் தமிழர்களான எங்கள் பிரஜாவுரிமையை அரசாங்கம் பறித்திருந்த காலம் அது. அம்மா கூடையை இறக்கவில்லை.

"குழி வெட்டக் கூப்புட்டப்ப ஓட்டு இருக்கான்னா கேட்டீங்க? அரசாங்கத்துதுன்னா அதுல எங்க பங்கும் இருக்குங்க."

அன்று அம்மாவுக்குப் பெயர் போடவில்லை; கூலியும் இல்லை. சாயங்காலம் அப்பா பெரிய ஆணி ஒன்றை உத்திரத்தில் அடித்தார். குப்பிவிளக்கை அதில் மாட்டப் போன என் கையை அம்மா தட்டிவிட்டாள்.

"அது கரண்டு லைட்டுக்கு. வேற எதையும் மாட்டாத."

அதன்பிறகு அதில் ஒரு துணிகூடத் தொங்கியதில்லை. தீபாவளிக்குச் சுவரை வெள்ளையடிக்கும்போதெல்லாம், துருப்பிடிக்காதிருக்க அம்மா அதற்கு எண்ணெய் தடவுவாள்.

இப்போது மின்சாரம் இழுக்க வந்தவர் பையிலிருந்து புது ஆணி ஒன்றை எடுத்தார்.

"வேணாங்க," என்றேன். "ஆணி எப்பவோ அடிச்சாச்சு."