காளியைத் திட்டிய என் அம்மாயி

செத்துப்போன என் அம்மாயிக்கு, என் அம்மாவைப் பெற்றவளுக்கு, நல்ல கதி கிடைக்காதாம். கருமாதிப் பந்தியில் இலை எடுப்பதற்குள் என் சித்தி சொல்கிறாள்: "சாமிய வைஞ்ச வாயிங்க அது. எங்கிருந்து நல்ல கதி?" பக்கத்தில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி உங்களுக்கு எழுதுகிறேன்.

போன வருடம் மாசி மாதம். மிளகு பறிக்க ஏறிய என் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்தார். ஓடிப்போய்ப் பார்த்தேன். "காலு ரெண்டும் இருக்குதா பாரு, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். கொழுந்தனைக் கூவிக் கூப்பிட்டேன்.

எங்கள் மலையில், குண்டூர் நாட்டுப் பக்கம், அடிபட்டவரை ஜீப்பில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். அன்றும் அப்படித்தான். ஒரு பக்கம் கொழுந்தன், ஒரு பக்கம் நான். முன்னால் அம்மாயி. ஒவ்வொரு வளைவிலும் அவர் கத்தினார். பிறகு கத்துவதும் நின்றுபோனது. கத்தல் நின்றதுதான் எனக்குப் பெரிய பயம்.

அடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேருவதற்குள் ஒரு வளைவில் மரவள்ளிக்கிழங்கு லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. அதற்கு அந்தப் பக்கம், மேலே ஏற வந்த பஸ். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக் கும்பிட்டேன். அம்மாயி கும்பிடவில்லை. இறங்கி நடுரோட்டில் நின்றாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஏண்டி காளி! ராகி அறுத்தா மொதக் கதிரு உனக்கு. வாழத்தாரு வெட்டுனா மொதச் சீப்பு உனக்கு. தின்னுபோட்டுத் தூங்கறியா? இந்தப் புள்ள தாலிய அறுக்கவா லாரியக் குறுக்க உட்டே? எந்திரிச்சு வாடி!"

பஸ்ஸில் சிரித்தார்கள். "ஆத்தா, காளிக்குக் காது கேக்கலையாட்ட இருக்குது, இன்னும் சத்தமா!" என்றான் ஒருத்தன்.

"உன்னையாட்ட அவ செவிடு இல்லடா!"

சாமியை இப்படி வைவது யார் என்று பார்க்க ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கி லாரியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நர்ஸாம். ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தவள் அலறிவிட்டாள். "ஐயோ, உக்கார வெக்காதீங்க! முதுகெலும்புல அடிபட்டிருக்குதுங்க! யாரும் அசைக்காதீங்க!"

லாரியில் இருந்த பலகையை வாங்கி, கழுத்தும் இடுப்பும் அசையாமல் அவரைப் படுக்கவைத்துக் கட்டினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் அவள்தான். சிரித்த ஆட்களே பலகையைத் தூக்கி லாரியைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். மீதி வளைவுகளையும் உட்கார்ந்தபடி இறங்கியிருந்தால் இரண்டு காலும் போயிருக்கும் என்று நாமக்கல்லில் டாக்டர் சொன்னார்.

இன்று என் வீட்டுக்காரர் நடக்கிறார். சாய்ந்து சாய்ந்து நடக்கிறார், ஆனால் நடக்கிறார்.

அம்மாயி காளி கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனாள். அங்கேயும் சண்டைதான். "லாரிய நிறுத்தத் தெரிஞ்சவளுக்கு, மரத்துலருந்து உழுவறப்பவே தாங்கிப் புடிக்கத் தெரியலையா?"

"ஏன் அம்மாயி, நல்லது செஞ்ச பொறவும் வையறே?" என்று கேட்டேன்.

"சின்ன வயசுலயே புருசன் போயிட்டாரு கண்ணு. அன்னையிலிருந்து எனக்கு அவதான். அவகிட்டச் சண்ட போடாம வேற யாருகிட்டப் போடட்டும்?"

இதைவிடப் பெரிய பக்தி எது? தனக்கென்று அவள் ஒன்றும் கேட்டதில்லை. ஊருக்கு மழை கேட்டாள், பிள்ளைகளுக்குச் சுகம் கேட்டாள். அதட்டிக் கேட்டாள். அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருநாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காளியை எட்டிப் பார்க்கிறவர்கள் அவள் கதியைப் பேச வந்துவிட்டார்கள்!

உங்களுக்கும் நெஞ்சு எரிந்தால் காளியிடம் போங்கள். வார்த்தையைச் சோடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சொந்தக்காரியிடம் பேசுவதுபோல் பேசுங்கள், வருவாள்.

கருமாதி முடிந்த கையோடு நானும் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். பூசாரி திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"எங்க அம்மாயி வந்துட்டா. பக்கத்துல எடம் போட்டு உக்கார வெய்யி. இல்லாட்டி இனி தினமும் நான் வருவேன், பாத்துக்கோ!"