ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த வருஷத்தில் எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது.

அவர் மின்துறையில் லைன்மேன். கோட்டுச்சேரியைச் சுற்றி அவர் ஏறாத கம்பம் இல்லை. ஒரு நாள் காலையில் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். புதுச்சேரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றிவிட்டோம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. வீடு திரும்பியபோது ஓரிரண்டு சொற்கள்தான் அவரிடம் மிஞ்சியிருந்தன.

அந்த வாரமே அன்பியக் குழு வந்தது. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் தெருவாரியாகக் கூடிச் செபம் சொல்வதற்கு அன்பியம் என்று பெயர். அதன் தலைவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு கடவுளின் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டவர் போலத்தான் நடந்துகொள்வார். ஆண்டவர் எதை எதற்காகச் செய்கிறார் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வார்.

பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். டீ கொடுத்தேன். தலைவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கர கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லா இருக்கும்மா" என்றார். பிறகு கட்டிலைக் காட்டி ஆரம்பித்தார். "இது படுக்கை இல்லம்மா, ஆண்டவர் குடுத்த பள்ளிக்கூடம். நீங்க ரெண்டு பேரும் என்னமோ பாடம் கத்துக்கணும்னு அவரு நெனைச்சிருக்காரு."

பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பங்குக்கு, "சாமியார்கிட்ட சொல்லாத பாவம் ஏதாச்சும் உள்ள கெடக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

அதற்குள் வீட்டுக்காரர் கைலியிலேயே சிறுநீர் போய்விட்டார். வாடை எல்லோருக்கும் தெரிந்தது. தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு செபத்தைத் தொடங்கினார். நோயாளிகளுக்காக ஒரு செபம், பங்குக் கோயிலுக்காக ஒன்று, மழைக்காகக்கூட ஒன்று. ஈரத்தில் கிடந்த மனுஷனுக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஒரு துணி எடுத்துத் தரவில்லை. கடைசி ஆமென் சொல்லி அவர்கள் செருப்பை மாட்டிய பிறகுதான் என்னால் கைலியை மாற்ற முடிந்தது. அவர் கண்ணை மூடியே இருந்தார். இவர்களுக்கு விசுவாசம் என்றால் வாயில் இருக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் அவர் இடது கையால் செபமாலையைத் தேடி எடுப்பார். நான் சொல்லச் சொல்ல மணிகளை நகர்த்துவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"உங்களுக்குக் கோவமே வரலையா?"

வருகிறது என்று தலையாட்டினார்.

"அப்புறம் எதுக்குங்க இது?"

மாலையை என் கையில் வைத்து, அடுத்த மணியில் விரலை ஊன்றிக் காட்டினார்.

மறு வருஷம் அந்தத் தலைவரின் மகன் பைக் விபத்தில் இறந்துபோனான். ஒரே பிள்ளை. செய்தி வந்ததும், "இப்ப இவரு எந்தப் பள்ளிக்கூடத்துல பாடம் கத்துக்கப் போறாரு?" என்றேன். வீட்டுக்காரர் இடது கையால் கட்டிலை ஓங்கி அடித்தார். "வா" என்றார். நான் நகரவில்லை. "வா, வா" என்று கத்தினார். ஆட்டோ கூப்பிட்டேன்.

தலைவர் வீட்டு வாசலில் அதே கூட்டம், அதே மாதிரி நாற்காலிகள். எங்களிடம் பாவம் விசாரித்த அம்மாள் இப்போது தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "உங்க மவன் மேல ஆண்டவருக்கு ஆசை அதிகம். அதான் சீக்கிரமே கூப்பிட்டுக்கிட்டாரு. அழக் கூடாது, சந்தோசப்படணும்."

தலைவர் அறை வாங்கியவர் போல அவளைப் பார்த்தார்.

"போதும்" என்றார் ஆட்டோவில் இருந்தபடியே என் வீட்டுக்காரர். ஒரு வருஷத்தில் அவ்வளவு தெளிவாக ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அம்மாளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு அதில் பரம திருப்தி. ஆட்டோக்காரரும் நானும் தாங்கிக் கொண்டுபோய் அவரைத் தலைவர் பக்கத்தில் உட்காரவைத்தோம். தலைவர் அவருடைய அசையாத வலது கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். ஆறுதல் சொல்ல என் வீட்டுக்காரரிடம் வார்த்தை இல்லை என்பது அன்றைக்கு எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

உள்ளே தலைவரின் மனைவி சுவரில் சாய்ந்து கிடந்தாள். காலையிலிருந்து ஒருவரும் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தேன். அதன்பின் பல நாள் ரசம் சாதம் கட்டிக்கொண்டு போனேன். விருப்பப்பட்டுப் போகவில்லை. கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கிவிட்டு வரும்போது அந்த வீட்டைப் பார்க்காதது போலக் கடக்க என்னால் முடியவில்லை.

சில மாதம் கழித்துத் தலைவர் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இன்னைக்கு நான் குளிப்பாட்டி விடட்டுமாம்மா?" என்றார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் வருகிறார். ஆண்டவரின் திட்டத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அந்த வேலையை இப்போது அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். அன்பியத் தலைவியாகி, ஒவ்வொரு நோயாளி வீட்டிலும் போய்க் காரணம் சொல்லி வருகிறாள். அவள் எதிரே வந்தால் நான் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிடுவேன்.

எங்களுக்கு ஏன் இப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் தினமும் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன். தனக்கும் தெரியும் என்று கிளம்பி வருகிற மனிதர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

போன சனிக்கிழமை தலைவர் வெந்நீரை அப்படியே ஊற்றிவிட்டார். வீட்டுக்காரர் அலறினார். நான் ஓடிப்போய், "விளாவ வேண்டாமாங்க? கைய விட்டுப் பாக்கத் தெரியாதா?" என்று சத்தம் போட்டேன்.

"தப்புதாம்மா" என்றார் தலைவர். குனிந்து பச்சைத் தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினார்.