துரை படிக்காத குறிப்பு

கண்ணை மூடினால் அந்தப் பதிவறைதான் முதலில் வருகிறது. புதுக்கோட்டை அரசாங்க அலுவலகத்தின் பின்கட்டு. உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியே சாய்ந்து இறங்கும் வெயிலில் காகிதத் தூசி மெல்ல மிதந்துகொண்டிருக்கும். பூச்சி வராமலிருக்கக் கட்டுகளுக்கிடையே செருகிய வேப்பிலை, தொட்டால் பொடியாகும். சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த வருஷம் அது. நான் அங்கே டைப்பிஸ்ட். பழைய காகிதங்களில் வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை எரித்துவிடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. பிரிக்கும் பொறுப்பு எங்கள் ஹெட் கிளார்க்குக்கு.

சிறு வயதிலிருந்தே எனக்கு ஒரு வியப்பு. திருச்சியிலிருந்து எப்போதாவது காரில் வந்து போகும் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு இத்தனை ஊர்களும் எப்படிப் பயந்து கிடந்தன? பட்டாளம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அந்தக் கட்டுகளைப் பிரிக்கப் பிரிக்கத்தான் விளங்கியது. எல்லாம் நம்மவர் எழுதியவை. யார் வீட்டில் யார் கூடினார்கள், சந்தையில் யார் என்ன பேசினார் என்று பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர், சம்பந்தி எழுதி அனுப்பியவை.

அந்த நாட்களில் நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வாராவாரம் வருவார். பல வருஷங்களுக்கு முன் காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். ஏதோ ஒழுக்கக்கேடு என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களும் அதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள்.

"வேலைகூட வேண்டாம்மா. எதுக்காக நிறுத்துனாங்கன்னு ஒரு தாள் குடுங்க, போதும்," என்பார் என்னிடம்.

ஹெட் கிளார்க் தலை நிமிராமல், "இங்கிட்டு அப்படி ஒண்ணும் இல்லைங்க," என்பார்.

ஒரு மத்தியானம் ஹெட் கிளார்க் என் மேஜையில் ஒரு தாளை வைத்து நகல் அடிக்கச் சொன்னார். வெள்ளைக்காரன் போகத்தான் போகிறான் என்று வாத்தியார் பிள்ளைகளிடம் சொன்னதாக ஒரு ரகசியக் குறிப்பு. தினமும் நான் பார்த்து டைப் அடிக்கிற அதே கையெழுத்து. நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் எழுதுனதுதான். ஒண்ணாப் படிச்சவங்க நாங்க. என் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே சொன்னாரு."

"எரிச்சிருக்கலாமே சார்?"

"எரிக்கத்தான் ஒதுக்கி வச்சேன். முடியலைம்மா."

அடுத்த வாரம் வராந்தாவில் அவரே அதை வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் நின்றபடியே படித்தார். வேப்பமரத்து நிழல் அவர் காலடியில் அசைந்துகொண்டிருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "துரை இதைப் படிச்சுட்டு என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"அவரு பார்க்கவேயில்லை. அவரு கையெழுத்து இதுல எங்கயும் கிடையாது. கேட்டுருவாரோன்னு பயந்து நாங்களே முந்திக்கிட்டு ஒன்னை நிறுத்திட்டோம்."

பழைய சிநேகிதத்தின் அந்த 'ஒன்னை' அவர் வாயில் தானாக வந்துவிட்டது. வாத்தியார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வாரேம்மா," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அந்தத் தாளைக் காட்டி அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மகள் கல்யாணமும் நடந்தது. அழைப்பிதழ் எனக்கு வந்தது; ஹெட் கிளார்க்குக்கு வரவில்லை.

வெள்ளைக்காரர் போன பிறகும், வேலை பார்ப்பவர்களைப் பற்றி வருஷாவருஷம் மேலிடத்துக்குப் படிவத்தில் ரகசியக் குறிப்பு எழுதி அனுப்பும் வழக்கம் போகவில்லை. ஹெட் கிளார்க் அந்தப் படிவங்களில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினார். அதனால் என் பதவி உயர்வு பல வருஷம் தள்ளிப்போனது. எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. கேட்டதற்கு, "கை வரலைம்மா," என்றார். அவர் ஓய்வு பெறும் வரை அப்படித்தான்.

அறுபதுகளில் அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். படிவங்களும் வந்தன. வெறுமையாக அனுப்ப எனக்கு மனம் இல்லை. கீழே இருப்பவர்களின் பிழைப்பு அதில் இருந்தது. அதனால் ஒவ்வொருவரையும் எதிரில் உட்காரச் சொல்லி, அவரைப் பற்றி எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். முதலில் வந்த குமாஸ்தாவிடம், "தப்பா ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். எல்லாம் நல்லதாகத்தான் எழுதியிருந்தேன். அவர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் எங்ககிட்ட சொல்லலாமாங்க?" என்றார்.