பாண்டிமீனா கேட்ட குரல்

பாண்டிமீனா பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், வாக்கப்பட்டு வந்தது மேலூருக்கு. பன்னிரண்டாவது முடித்த கையோடு கம்ப்யூட்டர் பழகியிருந்ததால், கல்யாணமான மறுவருஷமே நாலுவழிச்சாலை ஓரத்து எடைமேடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஜல்லி லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். அவள் வண்டி நம்பரைத் தட்டி, எடையைப் பார்த்துச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். எடைமேடைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே காலம் ஓடியதில் சத்தம் போட்டுப் பேசுவது அவளுக்கு மறந்தே போயிருந்தது. வீட்டுக்கும் சேர்த்துப் பேச அவள் புருஷன் இருந்தான்.

தங்கப்பாண்டி கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிறவன். அதற்கு முறையான லைசென்ஸ் வைத்திருந்தான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த வேலை இல்லை, அவன் குரல். எந்த ஊரில் கபடிப் போட்டி நடந்தாலும் மைக் அவன் கைக்குத்தான் போகும். "ஏறுறாப்ள, ஏறுறாப்ள, தொட்டாப்ளயா, தொட்டுட்டாப்ள!" என்று அவன் மூச்சை இழுத்துச் சொல்லும்போது, தோற்கிற அணிக்காரனும் கைதட்டுவான். யாராரோ அதைச் செல்போனில் எடுத்து யூடியூபில் போட்டிருந்தார்கள். துபாயில் இருந்துகூடப் போன் வரும். "அண்ணே, ஒங்க கொரலக் கேட்டாத்தாண்ணே ஊருல இருக்க மாதிரி இருக்கு" என்பார்கள்.

சாலையை இன்னும் அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு எழுந்தபோது, அவர்கள் தெருவிலும் பாதி வீடுகள் இடிபடும் என்றார்கள். ஊர்க்கூட்டம் போட்டார்கள். மைக்கைத் தங்கப்பாண்டியிடம் கொடுத்தார்கள். மாற்று இடம் காட்டாமல் ஒரு செங்கலையும் எடுக்க விடமாட்டோம் என்று அவன் காரமாகத்தான் பேசினான். கேட்டவர்களில் சாதாரண உடையில் வந்த போலீஸ்காரரும் இருந்திருக்கிறார். அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில், ஜல்லி ஏற்றி வந்த டிரைவர் ஒருவன் சீட்டு வாங்காமல் கூண்டின் ஜன்னலில் போனை நீட்டினான்.

"யக்கா, இது நம்ம பாண்டியண்ணேதான?"

வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு குரல் பதிவு. அவன் அழுத்தினான்.

"மாப்ள, மருந்து நம்மகிட்டத்தான் கெடக்கு. பெரிய ஆளுக வர்ற அன்னைக்குப் பாலத்துக்கு அடியில வச்சுவிட்டோம்னா அம்புட்டுத்தான். அப்பறம் எவன் ரோடு போட வாரான்னு பாப்போம்." அதன் பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

மூச்சை இழுக்கிற விதம், 'அம்புட்டுத்தான்' என்பதில் விழுகிற அழுத்தம், சிரிப்பு முடிகையில் மூக்கில் வருகிற காற்று, எல்லாம் அவன்தான். 'இது அவர் இல்லை' என்று பாண்டிமீனாவுக்குத் தோன்றவில்லை. 'இதை எப்பப் பேசுனாரு, யார்கிட்டப் பேசுனாரு, குடிச்சிருந்தாரோ?' என்றுதான் மனசு ஓடியது. சீட்டை டிரைவரிடம் கொடுக்காமலே தன் போனை எடுத்தாள்.

அவள் போன் போடுவதற்குள் போலீஸ்காரர்கள் குவாரியிலேயே தங்கப்பாண்டியைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் சாலை வேலையைப் பார்க்க, நாலுவழிச்சாலைப் பாலத்தைக் கடந்து பெரிய அதிகாரிகள் வருவதாக இருந்தது. வெடிமருந்தைக் கையாளுகிறவன், சாலைக்கு எதிராகப் பேசியவன், இப்போது இந்தப் பதிவு. மத்தியானத்துக்குள் வீட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். இரண்டு பழைய போன்களையும் மகள் யாழினியின் படிப்புக்கு வாங்கிய டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தங்கப்பாண்டியின் தம்பி அசோக்குமார்தான் வக்கீலைப் பிடித்தான். பீர் முகமது. ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போகிற வழியில், ஒத்தக்கடையில் ஆபீஸ் வைத்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார்.

"இந்த மாதிரி செய்யறதுக்கு இப்ப கம்ப்யூட்டர்லயே வழி இருக்கும்மா. ஒருத்தர் பேசுனதக் கொஞ்ச நேரம் கேக்க விட்டா, அதே கொரல்ல வேற என்னத்த வேணும்னாலும் பேசிக்காட்டும். இவரு பேசுனதுதான் யூடியூப்ல கொட்டிக் கெடக்கே."

அதைக் கேட்டதும் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமலே, புருஷனைக் குற்றவாளியாக ஒத்துக்கொண்டுவிட்டோமே என்று இருந்தது.

சிறையில் மனு போட்டு அவனைப் போய்ப் பார்த்தாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவன், "நான் பேசலடி மீனா" என்றான். அதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாதவன் போல மறுபடியும் மறுபடியும் சொன்னான்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகு அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜாமீன் கிடைத்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கிடைக்கவும் செய்தது. ஆனால் அதற்கு முன்பே, சிறைக்குள்ளேயே அவனிடம் இன்னொரு உத்தரவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு வருஷம்வரை காவலில் வைக்கலாம் என்பது அந்த உத்தரவு. ஜாமீன் கையில் இருந்தும் வெளியே வர முடியாது.

"குத்தம் செஞ்சாருன்னு நிரூபிக்க வேணாமா சார்?" என்று கேட்டாள்.

"இதுல வேணாம்மா. இனிமே செஞ்சிருவாருன்னு அதிகாரி மனசாரத் திருப்திப்பட்டாப் போதும். அந்தத் திருப்திக்கு ஏதாச்சும் ஒரு ஆதாரம் இருக்கணும், அம்புட்டுத்தான். அவங்க கையில இருக்கது இந்தப் பதிவு." பீர் முகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தச் சட்டம் எழுதுனப்ப ஊருக்கு ஒரு போன் இருந்தாப் பெருசு. ஒரு மனுஷன் பேசாதத அவன் கொரல்லயே பேச வைக்கலாம்னு அன்னைக்கு யாரு கண்டா?"

முதலில் அந்தப் பதிவை அனுப்பியது ஒரு வெளிநாட்டு நம்பர். அதற்குப் பின்னால் இருந்தது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். சாலை வேண்டும் என்று நினைத்தவர்களா, கபடிப் போட்டியில் சண்டை போட்டவர்களா, விளையாட்டுக்குச் செய்த வம்பா, எதுவும் தெரியவில்லை. அசோக்குமார் தெருவில் போகிற ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டான். பாண்டிமீனாவுக்கு அதற்குக்கூடத் தெம்பு இல்லை. எடைமேடை முதலாளி, "கொஞ்ச நாளைக்கு வீட்ல இரும்மா, லாரிக்காரங்க வந்து நின்னு ஒன்னயவே பாக்குறாங்க, வேலை நடக்கல" என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

காவல் சரிதானா என்று பார்க்க ஆலோசனைக் குழுமம் என்று ஒன்று சென்னையில் கூடும். அதன் முன்னால் வக்கீல் வாதாடச் சட்டத்தில் இடமில்லை. வக்கீல் அல்லாத ஒருவர் துணைக்கு நிற்க அனுமதி கேட்கலாம் என்றார் பீர் முகமது.

"நீ நில்லும்மா."

"நானா? எனக்குப் பேசவே வராது சார்."

"மதினி, நான் போனா கோவத்துல எதையாச்சும் ஒளறிக் கெடுத்துருவேன்" என்றான் அசோக்குமார். "நீங்கதான் சரி."

ரயிலில் போகும்போது வக்கீல் எழுதிக் கொடுத்ததை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். குழுமத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கப்பாண்டியைக் கூட்டி வரவில்லை. மதுரைச் சிறையிலிருந்து வீடியோவில் காட்டினார்கள். சுவரில் இருந்த திரையில் அவன் முகம் அசைந்தது, உறைந்தது, பிறகு தாவியது. "அய்யா, நான் அத..." என்று தொடங்கும் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

நடுவில் இருந்த பெரியவர் பதிவை ஒலிக்கவிட்டார். அந்த அறையில் அது சுத்தமாக, பக்கத்தில் நின்று பேசுவது போல் ஒலித்தது.

"இது ஒங்க வீட்டுக்காரர் குரல்தானாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாயில் வேறு வந்தது.

"கொரல் அவரு கொரல்தாங்கய்யா. ஆனா அவரு பேசல."

"குரல் அவருதுன்னா, பேசுனது யாரு?"

"அதக் கண்டுபிடிங்கன்னுதாங்கய்யா கேக்குறேன்." திரையைக் கைகாட்டினாள். "அந்தா அவரேதான் பேசுறாரு. ஆனா எனக்கு அது அவரு பேசுற மாதிரி இல்ல. இந்தப் போன்ல இருக்கது அச்சு அசலா இருக்கு. எத நான் நம்பட்டும்?"

மூவரில் ஒருவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். எதையோ குறித்துக்கொண்டார். அதற்கு மேல் கேள்வி இல்லை. காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறது என்று சில வாரத்தில் முடிவு வந்தது.

"ஒன் மேல தப்பு இல்லம்மா. நான் போயிருந்தாலும் இதுதான் வந்திருக்கும்" என்று பீர் முகமது சொன்னார். ஆனாலும் 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வந்திருக்கலாமோ என்ற நினைப்பு அவளை விடவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மை அவனுக்கு எதிராகப் போயிற்றோ என்று அரிசி களையும்போதும் துணி காயப்போடும்போதும் நினைத்துக்கொண்டே இருந்தாள். யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து யாருடனும் பேசாமல் படுத்துக்கொண்டாள். "எங்கிட்ட எல்லாரும் கேக்குறாங்கம்மா, உங்கப்பா அப்பிடிப் பேசுனாரான்னு. நான் என்ன சொல்ல?" என்று ஒருநாள் கேட்டாள். பாண்டிமீனா பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைத் தடவி விட்டாள்.

ஐகோர்ட்டில் போட்ட ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் மாரிக்காலம் போய்ப் பனியும் இறங்கிவிட்டது. அரசாங்க ஆய்வகத்தின் முதல் அறிக்கையைக் காவல் உத்தரவோடு இணைத்திருந்தார்கள். குரல் அவனுடையதுதான் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, கருவியால் உண்டாக்கியது என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தங்கப்பாண்டிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த மொழியில் நகல் கொடுக்காததால், தன் பக்கத்தைச் சொல்ல அவனுக்குச் சரியான வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது.

கோர்ட்டு வாசலில் அசோக்குமார் பீர் முகமதுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பாண்டிமீனா மட்டும், "கொரலப் பத்தி என்ன சார் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"அதுக்குள்ள போகலம்மா. இந்த ஒரு காரணமே போதும்னு நிறுத்திட்டாங்க."

"அப்ப அவரு பேசலன்னு யாரும் சொல்லலையா?"

"இன்ஷா அல்லா, கேஸ் நடக்கும்போது சொல்லுவாங்க" என்றார் அவர். ஆனால் அவர் முகத்தில் பெரிய உறுதி ஒன்றும் தெரியவில்லை.

தங்கப்பாண்டி மெலிந்து வந்தான். வெடி வைக்கும் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். குவாரிப் பக்கமே அவன் போகக்கூடாது. பரவைக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனான். கபடிக் கமிட்டிக்காரர்கள் வந்து காப்பி குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போட்டிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவன் போயிருக்க மாட்டான். போன் அடித்தால் எடுக்க மாட்டான். எடுத்தாலும் 'உம்' என்பதோடு சரி. எங்கே எவன் பதிந்துகொண்டிருக்கிறானோ என்ற பயம். வீட்டுக்குள் தண்ணீர் கேட்பதைக்கூட மெதுவாகக் கேட்டான். பேங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ப் பேசுகிற வேலை பாண்டிமீனாவுக்கு வந்தது. முதலில் திக்கினாள், பிறகு பழகிவிட்டது.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவன் குரல் மாதிரி கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. மதுரைக்கு இருவரும் போனார்கள். ஆய்வக நடையில் அவளை ஒரு பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவனை அறைக்குள் கூட்டிப் போனார்கள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. ஒரு காகிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது கேட்டது. பதிவில் இருந்த அதே வரிகள்தான்.

முதல் தடவை பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிப்பது போல் வாசித்தான்.

"இப்படி இல்லங்க. ஒங்க ஃப்ரெண்டுகிட்டச் சாதாரணமாப் பேசுற மாதிரி பேசுங்க" என்றார் உள்ளே இருந்தவர்.

இரண்டாவது தடவையும் சரியில்லை என்றார். காகிதத்தை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் பேசினான். "மாப்ள, மருந்து நம்மகிட்டத்தான் கெடக்கு..." மூச்சை இழுத்து, அழுத்தத்தோடு, கபடி மைக்கில் பேசுகிற அந்தப் பழைய குரல். அவன் சிறைக்குப் போனதிலிருந்து அவள் கேட்காத குரல். இந்த வார்த்தைகளை அவன் வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது மேலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவன் உட்கார்ந்தான். முடிவு வர மாதக் கணக்காகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். யானைமலை கடந்த பிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"மொத மொதல்ல அதக் கேட்டப்ப, நான்தான்னு நெனச்சியா?"

இத்தனை நாள் அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி. பொய் சொல்வதற்கு இப்போது அவளிடம் தெம்பில்லை.

"நெனச்சேன்" என்றாள். "வக்கீல் சொல்ற வரைக்கும் நெனச்சேன்."

அவன் திரும்பவில்லை. கோபம் வருகிறதா என்று அவள் அவன் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கே அப்பிடித்தான் இருந்துச்சு மீனா" என்றான். அவள் காதுக்கு மட்டும் எட்டுகிற சத்தத்தில் சொன்னான். "ஸ்டேஷன்ல போட்டுக் காட்டுனப்ப, எப்படா இதப் பேசுனோம்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். பேசித்தான் மறந்துட்டனோன்னு இருந்துச்சு. அதான் முத நாளு அவங்க கேட்டதுக்கு எல்லாம் பேசாம நின்னுட்டேன். அதையும் எழுதியிருக்காங்க, மறுக்கலன்னு."

கண்டக்டர் வந்து நின்று, "எங்க இறங்கணும்?" என்றார். தங்கப்பாண்டி அவளைப் பார்த்தான்.

"மேலூர் ரெண்டு" என்றாள் பாண்டிமீனா.